கம்பெனிக் கடனுக்கு வரம்பு

இலுப்பூர் வட்டாரத்திலே ஒரு குடியானவர் தமது கண்மாய்ப் பாசன நிலத்தை ஈடுகாட்டிக் கடன் கேட்கச் சென்றால், பணம் கொடுப்பவர் முதன்முதலாகக் கேட்பது வில்லங்கச் சான்று. அந்த நிலத்தின்மீது முன்கடன் ஏதும் உண்டா என்று பதிவுக் கச்சேரிக் கணக்கைப் பார்த்த பிறகே பெட்டி திறக்கும். அதோடும் அவர் திருப்தியடைவதில்லை. தம்முடைய கடன் தீருமளவும் மேற்படி சொத்தை வேறொருவருக்கு எவ்விதத்திலும் பாத்தியப்படுத்துவதில்லை என்று பத்திரத்தில் ஒரு வாசகமும் எழுதி வாங்கிக்கொள்வார். எழுத்தறியாத கிழவரும் இதன் காரணத்தை அறிவார். நிலம் ஒன்றாகவே இருக்க, அதன்மேல் ஏறும் கடன் இரண்டு, மூன்று என்று பெருகினால், முதலில் கொடுத்தவருக்கும் ஆபத்து. பின்னால் கொடுத்தவருக்கும் ஆபத்து.

ஓர் ஏக்கர் நிலத்துக்கு இவ்வளவு கண்டிப்புச் செய்யும் நம் நாட்டில், ஆயிரம் கோடி, பதினாயிரம் கோடி என்று கடன் வாங்கும் கம்பெனிகளின் விஷயத்தில் இக்கண்டிப்பு எந்த நிலையில் இருக்கிறது, அதை யார் கேட்கிறார்கள், யாருடைய நன்மைக்காகக் கேட்கிறார்கள் என்பதையே இன்று நாம் நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். இது மும்பைக் கனவான்களுக்கும் அவர்களுடைய வக்கீல்களுக்கும் உரிய விவகாரமென்று நம்மவரில் பலர், தேசத் தொண்டில் ஈடுபட்டோருங்கூட, ஒதுக்கிவிடுகின்றனர். அவ்வாறு ஒதுக்குவது தவறென்பதற்கு ஒரு காரணம் போதும். அன்னவாசலில் இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்திருக்கும் உபாத்தியாயரின் பிரீமியப் பணமும், விராலிமலைப் பக்கத்து ஆலைத் தொழிலாளியின் சேமநிதிப் பணமும் ஒரு பகுதியேனும் கடைசியில் கம்பெனிகளின் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போய்ச் சேருகின்றன. ஆகவே கடன் கொடுத்தவர்கள் நாமே. நம்மைக் கேளாமல் கொடுக்கப்பட்டது என்பதுதான் வித்தியாசம்.

முதலில் விஷயத்தை விளக்குவோம். கம்பெனிகளுக்குப் பெருங்கடன் கொடுக்கும் பாங்கிகளும், பெருந்தொகைப் பத்திரதாரர்களும் எழுதி வாங்கும் ஒப்பந்தங்களில், இக்கடன் நிலுவையில் இருக்கும்வரை கம்பெனி இன்ன அளவுக்குமேல் புதுக்கடன் வாங்கலாகாது என்று ஒரு ஷரத்து இருப்பது வழக்கம். அளவு சில சமயம் ரூபாய்க் கணக்கில் இருக்கும். பெரும்பாலும் விகிதக் கணக்கில் இருக்கும். மொத்தக் கடன் சொந்த முதலைப் போல் இத்தனை மடங்குக்கு மேற்படலாகாது என்றோ, வருஷ வருமானம் வட்டித் தொகையைப் போல் இத்தனை மடங்காவது இருக்கவேண்டுமென்றோ எழுதுவார்கள். சொத்துக்களைப் பிறருக்கு ஈடு வைக்கலாகாது என்ற ஷரத்து இதன் உடன்பிறப்பு.

பாங்கிக் கடனில் இந்த விகிதத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ வருஷத்துக்கு ஒரு முறையோ சோதிப்பார்கள். தவறியிருந்தால் கம்பெனி அப்போதே பதில் சொல்லவேண்டும். வெளிநாட்டுச் சந்தையில் விற்கப்படும் டாலர் பத்திரங்களிலோ பெரும்பாலும் புதுக்கடன் வாங்கப்போகும் அன்றைக்கு மட்டுமே விகிதம் பார்க்கப்படும். மற்ற நாட்களில் கம்பெனி நஷ்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்தாலும் ஷரத்து உறங்கும். இவற்றோடு விலக்குகள் பல சேரும். அன்றாட வியாபாரத்துக்கு வாங்கும் கடனுக்கு விலக்கு. பழங்கடனை அடைப்பதற்காக வாங்கும் புதுக்கடனுக்கு விலக்கு. இன்ன பிள்ளைக் கம்பெனி இந்த ஒப்பந்தத்தில் அடங்காது என்று ஒரு விலக்கு. முன்பக்கத்தில் மூடிய கதவைப் பின்பக்கத்தில் திறந்துவைக்கும் வித்தை வக்கீல் தொழிலில் புதிதன்று. அத்தொழிலில் இருந்து வந்த நமக்கு அது அதிசயமுமன்று.

வரம்பு எதற்காக என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். 100 லட்சம் ரூபாய் பெறுமான சொத்தும் 60 லட்சம் கடனும் உள்ள கம்பெனி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். இன்றே அதை ஏலம் போட்டாலும் கடன் கொடுத்தவர் எல்லோருக்கும் முழுப் பணம் உண்டு. அக்கம்பெனி மேலும் 90 லட்சம் கடன் வாங்கி, அதைப் பயனற்ற வேலையில் தொலைத்துவிடுகிறது. சொத்து அதே 100 லட்சம். கடன் 150 லட்சம். பழைய கடன்காரருக்கு இப்பொழுது ரூபாய்க்கு 66 காசுதான் கிடைக்கும். புதிதாகக் கொடுத்தவர் சொத்து முழுவதையும் ஈடாக எழுதி வாங்கியிருந்தாலோ, அவர் தமது 90 லட்சத்தை முன்னதாக எடுத்துக்கொள்வார். மிஞ்சிய 10 லட்சத்தை 60 லட்சத்துக்குப் பங்கிட்டால் ரூபாய்க்கு 16 காசு. பழைய கடன்காரர் ஒரு பிழையும் செய்யவில்லை. அவர் உறங்கிக்கொண்டிருக்கும்போது அவருடைய பணத்தின் மதிப்பை வேறிருவர் கூடிப் பேசிக் குறைத்துவிட்டார்கள். கம்பெனியை நடத்துவோருக்கோ, சொந்த முதல் கரைந்து போன பிறகு, இழப்பதற்கு ஒன்றுமில்லை. மேலும் கடன் வாங்கி ஆடிப் பார்ப்பதில் வென்றால் லாபம் தமக்கு. தோற்றால் நஷ்டம் கடன்காரருக்கு. மனித சுபாவம் இப்படியிருப்பதால்தான் ஷரத்து வேண்டியிருக்கிறது.

இந்த ஷரத்து ஏதோ நேற்று அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்ததென்று எண்ணவேண்டாம். நம்மை ஆண்ட கம்பெனியின் கழுத்திலேயே இத்தகைய கயிறு ஒரு காலத்தில் கட்டப்பட்டது. 1770ஆம் வருஷத்துப் பெரும் பஞ்சத்தில் வங்காளம் அழிந்து, அதன்பின் 1772இல் லண்டன் பணச் சந்தையிலும் நெருக்கடி உண்டானபோது, கிழக்கிந்தியக் கம்பெனி கையில் ரொக்கமில்லாமல் பிரிட்டிஷ் சர்க்காரின் வாசலிற் போய் நின்றது. 1773இல் பார்லிமெண்டு அதற்கு 14 லட்சம் பவுன் கடன் கொடுத்தது. கொடுக்கும்போதே நிபந்தனையும் விதித்தது. அக்கடன் தீரும்வரை பங்குதாரருக்கு நூற்றுக்கு 6க்கு மேல் லாபப் பங்கு கொடுக்கலாகாது. அது தீர்ந்த பிறகும், கம்பெனியின் பத்திரக் கடன் 15 லட்சம் பவுனாகக் குறையும்வரை நூற்றுக்கு 7க்கு மேற்படலாகாது. அதாவது, கடன் குறைந்தாலன்றி லாபம் உண்ணலாகாது என்பது கட்டளை. இன்று நியூயார்க்கிலும் லண்டனிலும் எழுதப்படும் கடன் ஒப்பந்தங்களில் இதே கருத்தை வேறு வார்த்தைகளிற் காணலாம்.

ஆனால் அந்தக் கயிறு யாரைக் காப்பதற்காகக் கட்டப்பட்டது? லண்டன் கஜானாவைக் காப்பதற்காக. அதே கம்பெனி இந்தியக் குடிகளின் நிலவரியை நம்பி வாங்கிக் குவித்த கடனுக்கு அக்குடிகளைக் கேட்டு எவரும் வரம்பு கட்டவில்லை. 1833ஆம் வருஷத்துச் சட்டம், கம்பெனிப் பங்குதாரரின் 60 லட்சம் பவுன் முதலுக்கு நூற்றுக்குப் பத்தரை வீதம் லாபப் பங்கை இந்திய வருமானத்தின் மீதே சுமத்தியது. 1858இல் கம்பெனி ஆட்சி நீங்கியபோது அதன் கடன்களெல்லாம், ஏறத்தாழ 7 கோடி பவுன், இந்திய வருமானத்தின் தலையிலேயே ஏற்றப்பட்டன. நம்மை அடக்குவதற்கு ஆன செலவின் ஒரு பகுதியும் அதில் அடக்கம். 1874 ஜூன் முதல் தேதி கம்பெனி கலைந்து போயிற்று, கடன் கலையவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிரிட்டிஷ் சர்க்காருக்குப் பாதுகாப்பு இருந்தது. கையெழுத்திடாத இந்தியக் குடி சுமந்தான். பழங்கதையை நாம் இங்கே எடுத்துச் சொல்வது வெறும் துவேஷத்தால் அன்று. சுதந்திர இந்தியாவிலும், ஆள் மாறியதேயன்றி முறை மாறவில்லையோ என்று ஐயுறுவதற்கு இடமிருக்கிறது.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். ஆங்கிலக் கோர்ட்டுகள் வகுத்த பழைய நியாயம், கடன் கொடுத்தவர் பக்கமே சாய்ந்தது. 1856இல் தீர்ப்பான டர்க்குவாண்டு வழக்கு வக்கீல்கள் யாவரும் அறிந்தது. ஒரு நிலக்கரிக் கம்பெனியின் டைரக்டர்கள், பொதுக் கூட்டத்தின் தீர்மானம் எந்த அளவுக்கு இடங்கொடுக்கிறதோ அந்த அளவுக்கே கடன் வாங்கலாம் என்று அதன் அமைப்பு விதி கூறிற்று. அவர்கள் ஒரு பாங்கிக்கு 2,000 பவுனுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். உரிய தீர்மானம் நிறைவேறவில்லை என்று பின்னர் கம்பெனி தரப்பில் வாதம். வீட்டுக்குள் நடக்கவேண்டிய சடங்கு நடந்ததா என்று வெளியார் விசாரிக்க வேண்டியதில்லை. பத்திரம் செல்லும் என்று கோர்ட்டு தீர்த்துவிட்டது. வியாபாரம் நடக்கவேண்டுமானால் இத்தகைய விதி ஓரளவு அவசியந்தான். ஆயினும், கம்பெனி தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் வரம்பு எவ்வளவு மெல்லியது என்பதும் இதிலே தெரிகிறது.

நமது 1956ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 293ஆவது பிரிவு, செலுத்தப்பட்ட முதலும் தனித்துநிற்கும் ரிஸர்வு நிதியும் சேர்ந்த தொகைக்கு மேற்பட்டுக் கடன் வாங்குவதானால் பங்குதாரரின் பொதுக் கூட்டம் சம்மதிக்கவேண்டும் என்றது. 2013ஆம் வருஷத்துச் சட்டத்தின் 180ஆவது பிரிவு இதை இறுக்கி, நாலில் மூன்று பங்கு வாக்குப் பெறும் விசேஷத் தீர்மானம் வேண்டுமென்கிறது. பாங்கியிடம் அன்றாட வியாபாரத்துக்கு வாங்கும் தற்காலிகக் கடன் இதில் சேராது. வரம்பை மீறிக் கொடுத்த கடன் செல்லாது என்றும், மீறியது தெரியாமல் நல்லெண்ணத்தோடு கொடுத்ததாகக் கடன்காரரே ருசுப்படுத்தினால் மட்டும் செல்லும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. டர்க்குவாண்டு வழக்கிலிருந்து இது நல்ல முன்னேற்றமென்று நாம் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் கவனியுங்கள்: இங்கே சம்மதம் கொடுப்பவர் பங்குதாரர். கடன் மிகுவதால் முதலில் பாதிக்கப்படும் பழைய கடன்காரரோ, வைப்புத்தொகை போட்டவரோ, தொழிலாளியோ அல்ல. பங்குகளிற் பெரும்பகுதி கம்பெனியை நடத்தும் குடும்பத்தின் கையிலேயே இருக்குமாயின், விசேஷத் தீர்மானம் என்பது அப்பா கேட்டு மகன் சம்மதிப்பது போலத்தான். மேலும், 2015 ஜூன் 5ஆம் தேதி அறிவிக்கையால் பிரைவேட் கம்பெனிகளுக்கு இப்பிரிவிலிருந்தே விலக்கு அளிக்கப்பட்டுவிட்டது. பிரைவேட் கம்பெனி என்றவுடன் நாலு பேர் கூடி நடத்தும் சிறு கடை என்று எண்ணிவிடக்கூடாது. ஆயிரக்கணக்கான சிப்பந்திகளோடு தேசமெங்கும் வியாபாரம் செய்யும் பிரைவேட் கம்பெனிகளும் உண்டு.

கடன்காரர் பக்கம் பேசும் பிரிவு ஒன்று சட்டத்தில் இல்லாமற் போகவில்லை. 71ஆவது பிரிவின் 9ஆவது உட்பிரிவு அது. டிபெஞ்சர் என்னும் கடன் பத்திரங்களை வாங்கியவர்களுக்காக நியமிக்கப்படும் டிரஸ்டி, கம்பெனியின் சொத்து கடனைத் தீர்க்கப் போதாது அல்லது போதாமற் போகும் என்று முடிவுக்கு வந்தால், கம்பெனி நியாய சபையில் மனுச் செய்யலாம். கம்பெனி மேற்கொண்டு கடன்படுவதற்கு நியாய சபை கட்டுப்பாடு விதிக்கலாம். எவ்வளவு நல்ல பிரிவு! ஆனால் டிரஸ்டி மனுச் செய்ய “லாம்” என்றிருக்கிறதேயன்றி, செய்யவேண்டும் என்றில்லை. டிரஸ்டிக்குக் கூலி கொடுப்பதோ கம்பெனி. கூலி கொடுப்பவர்மேல் தாமாகவே மனுப் போடும் வீரர்கள் அரிது.

இவற்றுக்கெல்லாம் உரைகல்லாக வந்தது 2018ஆம் வருஷத்து ஐ.எல். அண்டு எஃப்.எஸ். விபத்து. 1987இல் சென்ட்ரல் பாங்கி, யூனிட் டிரஸ்டு, எச்.டி.எஃப்.சி. ஆகிய ஸ்தாபனங்கள் சேர்ந்து தோற்றுவித்த கம்பெனி அது. சாலை, பாலம், மின்சாரம், தண்ணீர் முதலிய பொது வேலைகளுக்குப் பணம் திரட்டுவது அதன் தொழில். நம் மாகாணத்துக்கும் அது அந்நியமன்று. திருப்பூருக்குக் குடிநீரும் ஆலைநீரும் கொண்டுவந்த திட்டம் தமிழ்நாட்டு சர்க்காரோடு அது சேர்ந்து அமைத்ததே. கடலூர் ஜில்லாவில் பரங்கிப்பேட்டையருகே 1,200 மெகாவாட் அனல்மின் நிலையமும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த கம்பெனி கட்டியது. எல்.ஐ.சி. அதில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே வைத்திருந்தது. தரம் மதிப்பிடும் கம்பெனிகள் 2018 ஆகஸ்டு வரையில் அதற்கு முதல்தர மதிப்பே கொடுத்து வந்தன. செப்டம்பரில் அது தவணை தவறியது. அதே மாதத்தில் கடைத்தர மதிப்புக்கு வந்துவிட்டது. அக்டோபர் முதல் தேதி மத்திய சர்க்கார் நியாய சபையின் உத்தரவு பெற்று டைரக்டர் சபையை நீக்கிப் புதிய சபையை அமர்த்தியது. குடும்பம் முழுவதற்கும் சேர்ந்த கடன் சுமார் 91,000 கோடி ரூபாய்!

இத்தனை கடன் ஏறும்வரை வரம்பு எங்கே போயிற்று? வரம்பு இருந்தது. அதுதான் வேடிக்கை. இத்தகைய தாய்க் கம்பெனிகள் சொந்த முதலைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் வெளிக்கடன் வைத்திருக்கலாகாது என்பது ரிஸர்வ் பாங்கியின் விதி. ஆனால் அந்த விதி தாய்க் கம்பெனியின் ஐந்தொகையை மட்டும் பார்த்தது. தாய் ஒரு பங்குக்கு இரண்டரை வாங்கலாம், வாங்கியதைப் பிள்ளைக் கம்பெனியில் முதலாகப் போடலாம், அந்த முதலைக் காட்டிப் பிள்ளை தன் பங்குக்குக் கடன் வாங்கலாம், பேரனும் அவ்வாறே. ஒரே ரூபாய் மூன்று இடத்தில் முதலாகக் காட்சியளிக்கும். ஒவ்வொரு ஐந்தொகையும் தனித்தனியே ஒழுங்காகத் தோன்றும். புதிய சபை எண்ணிப் பார்த்தபோது குடும்பத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட கம்பெனிகள் இருந்தன. நம்மூர்க் கூட்டுக் குடும்பத்தில், குடும்பச் சொத்தின்மீது கர்த்தா வாங்கிய கடன் குடும்பத்தின் அவசியத்துக்கா என்று கோர்ட்டு கேட்கும். கம்பெனிக் குடும்பத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. வெளியாருக்குக் கடன் கொடுப்பதுபோல் கொடுத்து அவர்கள் மூலம் பழைய பாக்கியையே அடைக்கச் செய்தார்கள் என்றும் தீவிர மோசடி விசாரணை அலுவலகம் 2019இல் குற்றப் பத்திரிகையில் கூறியது. அதன் உண்மை பொய் கோர்ட்டு தீர்மானிக்கவேண்டியது, நாம் முந்திக்கொள்ளவில்லை. விபத்துக்குப் பின் ரிஸர்வ் பாங்கி 2020 ஆகஸ்டில் விதியைத் திருத்தி, இத்தகைய முதலீட்டுக் கம்பெனிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குக்கு மேல் நிற்கலாகாது என்றது. வெள்ளம் வந்த பின் வரப்பு உயர்த்தியதாயினும் அதுவரை நல்லதே.

இந்த விபத்தில் கடன் கொடுத்திருந்தோரில் தொழிலாளர் சேமநிதிகளும் ஓய்வூதிய நிதிகளும் பல. அடுத்த வருஷமே டி.எச்.எஃப்.எல். என்னும் வீட்டுக்கடன் கம்பெனி வீழ்ந்தபோது, ஜனங்கள் நேரடியாகப் போட்டிருந்த வைப்புத்தொகை 5,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. 2021இல் நிறைவேறிய ஏற்பாட்டில் வைப்பாளருக்கு மொத்தத்தில் ஒதுக்கப்பட்டது அதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. பென்ஷன் வாங்கி, மகளின் விவாகத்துக்கென்று போட்டு வைத்தவர்களின் பணம் இது. இவர்களில் எவரும் அக்கம்பெனியின் பாங்கி ஒப்பந்தத்தைக் கண்ணாற் கண்டவரல்லர். மேற்கொண்டு கடன் வாங்காதே என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வரி அதிகாரமும் இருந்ததில்லை.

கையில் ஷரத்து வைத்திருப்பவன் என்ன செய்யமுடியும் என்பதற்கு மறுபக்க உதாரணமும் உண்டு. பெங்களூரிலுள்ள திங்க் அண்டு லர்ன் பிரைவேட் லிமிடெட், பைஜூஸ் என்ற பெயரில் பாடம் விற்ற கம்பெனி. 2022இல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்று பேசப்பட்டது. 2021 நவம்பரில் அதன் அமெரிக்கப் பிள்ளைக் கம்பெனி 120 கோடி டாலர் கடன் வாங்கிற்று. தாய்க் கம்பெனி ஜாமீன் நின்றது. அமெரிக்கக் கடன்காரர்கள் ஒப்பந்தத்தை வரிக்கு வரி எழுதி வைத்திருந்தார்கள். குழுவிலுள்ள மற்றொரு கம்பெனியை உரிய தேதிக்குள் ஜாமீன்தாரராகச் சேர்க்கவில்லை என்பதும் ஒப்பந்தத் தவறாக எண்ணப்பட்டது. அதனைக் கொண்டு அவர்கள் 2023 மார்ச்சில் அப்பிள்ளைக் கம்பெனியின் டைரக்டரை மாற்றித் தம் ஆளை வைத்தார்கள். டெலாவேர் நியாய சபை அவ்வருஷமே அதைச் சரியென்றது. 2024இல் அந்த ராஜ்யத்து உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. பெங்களூரில் அதே கம்பெனியின் சிப்பந்திகளோ மாதச் சம்பளம் பாக்கி என்று முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். கடல் கடந்திருந்த கடன்காரருக்குப் பத்திரம் பேசிற்று. பாடம் சொன்ன உபாத்தியாயருக்காகப் பேச ஒரு காகிதமும் இல்லை. அமெரிக்கரை நாம் குறை கூறவில்லை. தம் பணத்தைக் காக்க அவர்கள் அறிந்திருக்கிறார்கள். நாம் ஏன் அறியவில்லை என்பதே கேள்வி.

இனி, வைப்பாளரையும் சிப்பந்தியையும்விடக் கீழே நிற்கும் ஒருவர் உண்டு. மாத்தூரிலும் விராலிமலையிலும் இரும்புப் பட்டறை வைத்திருப்பவர், பெரிய கம்பெனி ஒன்றுக்குச் சாமான் செய்தனுப்பிவிட்டுப் பணத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார். அவரும் கடன் கொடுத்தவரே. கம்பெனி திவாலானால் 2016ஆம் வருஷத்துத் திவால் சட்டத்தின் 53ஆவது பிரிவு வரிசையை வகுக்கிறது. நடவடிக்கைச் செலவு முதலில். பிறகு ஈடு வைத்திருக்கும் கடன்காரரும் தொழிலாளரின் 24 மாதச் சம்பளமும் சமமாக. பிறகு மற்றச் சிப்பந்திகளின் 12 மாதச் சம்பளம். பிறகு ஈடில்லாமல் பணக்கடன் கொடுத்தோர். பிறகு சர்க்கார் வரி பாக்கி முதலியன. சாமான் கொடுத்த பட்டறைக்காரர் அதற்கும் பின்னே. கம்பெனி புதிதாக ஈட்டுக்கடன் ஒன்று வாங்கும்போதெல்லாம் அவர் இன்னும் ஒரு படி கீழே தள்ளப்படுகிறார். அது அவருக்குத் தெரிவதேயில்லை. தெரிந்திருந்தால் அடுத்த லோடு சாமானை ரொக்கத்துக்கே அனுப்பியிருப்பார்.

கடனுக்கு வரம்பு கட்டினால் சுதேசித் தொழில் வளராது என்று சிலர் வாதிப்பார்கள். அவ்வாதத்தில் ஒரு பாதி உண்மை. இடையூறில் இருக்கும் கம்பெனிக்குப் புதுப்பணம் கிடைத்தால் பிழைக்கும் என்றிருக்கும்போது, பழைய கடன்காரர் ஷரத்தைக் காட்டிக் குறுக்கே நின்று, ஆலையையும் தொழிலாளியையும் சேர்த்து மூழ்கடிப்பதும் உண்டு. ஆகையால் வரம்பு பூட்டாக இருக்கவேண்டாம். தட்டினால் திறக்கும் கதவாக இருக்கட்டும். தட்டும் சத்தம் மட்டும் வெளியே கேட்கவேண்டும். சுதேசித் தொழிலைப் பற்றிப் பேசுவோருக்கு மற்றொன்றும் நினைவூட்டுவோம். 1906இல் தூத்துக்குடியில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது, 10 லட்சம் ரூபாய் முதலை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்து ஜனங்களிடம் கேட்டார். பங்கு வாங்கியவர் நஷ்டம் வந்தால் தமக்கே என்றறிந்து வாங்கினார். பிறர் பணத்தைப் பந்தயம் வைத்துத் தம் பெயரை விளங்கச் செய்வதை அக்காலத்துத் தேசபக்தர்கள் தொழில் அபிவிருத்தி என்று அழைக்கவில்லை.

நாம் வேண்டுவன அதிகமில்லை. 71ஆவது பிரிவில் டிரஸ்டி மனுச் செய்யலாம் என்பதைச் செய்யவேண்டும் என்று மாற்றுவதோடு, டிரஸ்டி வாளாவிருந்தால் பத்திரதாரரும் வைப்பாளரும் ஒரு குறித்த தொகையினர் சேர்ந்து தாமே மனுச் செய்ய உரிமை கொடுக்கவேண்டும். பிரைவேட் கம்பெனிகளுக்கு 2015இல் கொடுத்த விலக்கைச் சிறு கம்பெனிகளோடு நிறுத்தி, பெருங்கடன் வாங்கும் பிரைவேட் கம்பெனிகளை 180ஆவது பிரிவுக்குள் மீண்டும் கொண்டுவரவேண்டும். வரம்பைக் கணக்கிடும்போது பிள்ளைக் கம்பெனிகளின் கடனையும் கொடுத்த ஜாமீன்களையும் கூட்டிக்கொள்ளவேண்டும். இவ்விரண்டுக்கும் சட்டத் திருத்தமோ அறிவிக்கை மாற்றமோ டில்லியில் நடைபெறவேண்டும். புதுக்கோட்டைக்கென்று தனியாக இருந்த பார்லிமெண்டுத் தொகுதி 2008ஆம் வருஷத்துப் பங்கீட்டில் மறைந்துபோய், நமது ஜில்லா நாலு தொகுதிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டது. அந்தக் குறையைப் பிறிதொரு நாள் பேசுவோம். நாலு அங்கத்தினரிடம் மனுக் கொடுக்கலாம் என்ற ஒரு நன்மையாவது அதில் இருக்கிறது. நமது ஜில்லாத் தொண்டர்கள் அதை விட்டுவிடலாகாது.

மூன்றாவது விஷயம் பகிரங்கம். கம்பெனி தன் சொத்தை ஈடு வைத்தால் கம்பெனிப் பதிவாளரிடம் அதைப் பதிவு செய்யவேண்டும். கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம். ஈடில்லாத கடனின் ஒப்பந்தமோ, வரம்பு மீறப்பட்டபோது பாங்கி மறைவில் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதமோ அந்தப் பதிவேட்டில் வருவதில்லை. பங்குச் சந்தையில் பதிவான டிபெஞ்சர்களின் ஷரத்துக்களை டிரஸ்டி கண்காணிக்கவேண்டுமென்று செபி 2020 நவம்பரில் விதித்தது. சர்வதேசக் கணக்கு முறையும், 2024 ஜனவரி முதல், பன்னிரண்டு மாதத்துக்குள் சோதனைக்கு வரும் ஷரத்துக்களைக் கணக்குக் குறிப்பில் சொல்லச் செய்கிறது. இவை பெருங்கம்பெனிகளையும் பெருமுதலாளிகளையும் உத்தேசித்தவை. மாத்தூர்ப் பட்டறைக்காரருக்குச் சரக்கு பாக்கி வைத்திருக்கும் நடுத்தரக் கம்பெனியை எட்டுவதில்லை. அதை எட்டுவதற்குப் பார்லிமெண்டு கூடவும் வேண்டியதில்லை. 2021 மார்ச் 24ஆம் தேதி மத்திய சர்க்கார் ஓர் அறிவிக்கையைக் கொண்டே கம்பெனிச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையைத் திருத்தி, பாங்கிக்குக் கொடுத்த கணக்கும் கம்பெனியின் புத்தகக் கணக்கும் ஒத்திருக்கின்றனவா என்பதை ஐந்தொகைக் குறிப்பில் எழுதவேண்டுமென்று கட்டளையிட்டது. அதே அட்டவணையில் இன்னும் இரண்டு வரி சேர்க்கட்டும்: கம்பெனி ஒப்புக்கொண்டுள்ள கடன் வரம்பு என்ன, இவ்வருஷம் அதை மீற யாரிடம், எத்தனை முறை அனுமதி பெற்றது.